கண்டல் கரையைப் பேணுதல்: திருகோணமலை மாணவருக்கும் விரிவுரையாளருக்கும் ஒரு வழிகாட்டி

உலக சுற்றாடல் தினம் ஜூன் 5ஆம் திகதியும், உலகக் கண்டல் (அலையாத்தி) தினம் ஜூலை 26ஆம் திகதியும் வருகின்றன. திருகோணமலையில் அந்த நாட்கள் கச்சான் காற்று வீசும் காலம். மழை ஓய்ந்து மாதக்கணக்காகியிருக்கும். களப்போரச் சேறு வெடித்து, வெடிப்பின் ஓரங்களில் உப்புப் பூத்திருக்கும். கண்டல் கன்று நடும் விழாக்கள் பலவற்றை நாம் இந்த இரு நாட்களை ஒட்டியே வைத்துக்கொள்கிறோம். நானும் மாணவப் பருவத்தில் அப்படியொரு விழாவில் முழங்காலளவு சேற்றில் நின்று கன்று நட்டிருக்கிறேன். அடுத்த தை மாதம் அதே இடத்துக்குப் போனபோது கன்றுகளுக்குத் துணையாக நட்ட தடிகள் மட்டும் நீருக்கு வெளியே தெரிந்தன. அந்தக் காட்சியை நான் இன்றுவரை மறக்கவில்லை.

இது ஒரு தனி இடத்தின் கதையன்று. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கைக் கரையோரங்களில் மேற்கொள்ளப்பட்ட கண்டல் மீள்நடுகைகளை ஆராய்ந்து 2017இல் வெளிவந்த ஆய்வு ஒன்று 23 இடங்களைப் பரிசோதித்தது. நடப்பட்ட 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரையான பரப்பில் 200 முதல் 220 ஹெக்டேயர் வரையே தப்பியிருந்தது. 9 இடங்களில் ஒரு கன்றேனும் எஞ்சவில்லை. கன்றுகள் பிழையான மட்டத்தில் நடப்பட்டமையும், நட்டபின் எவரும் திரும்பிப் பாராமையும் அதற்கான முக்கிய காரணங்களாக இருந்தன. இரண்டும் அளந்தும் தொடர்ந்து கவனித்தும் தவிர்க்கக்கூடிய பிழைகள். நிதி முடிந்ததும் கிளம்பிவிடும் திட்டங்களுக்கு இல்லாத வசதி ஒன்று பல்கலைக்கழக வளாகத்துக்கு இருக்கிறது: அது இடம்பெயர்வதில்லை. ஆண்டுதோறும் புதிய மாணவர் அணி வந்து, அதே கரையில், அதே கம்பத்தில், அதே அளவீட்டை எடுக்க முடியும். இந்த வழிகாட்டி அந்த ஒரு வசதியை எப்படி முழுமையாகப் பயன்படுத்துவது என்பதைப் பற்றியது.

யார் யார் சேர வேண்டும்

கோணேசபுரியில் அமைந்துள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் பிரயோக விஞ்ஞானம், தொடர்பாடலும் வணிகக் கற்கையும், சித்த மருத்துவம் ஆகியன ஒரே வளாகத்துக்குள் கற்பிக்கப்படுகின்றன. இது கண்டல் வேலைக்கு அரிதாக வாய்க்கும் கூட்டு. பௌதிகம் கற்பவர் மட்டமும் நீரும் அளப்பார். கணினி விஞ்ஞான மாணவர் உணர்கருவி பொருத்தித் தரவுகளைச் சேமிப்பார். சித்த மருத்துவ மாணவருக்குத் தாவரங்களின் தமிழ்ப் பெயர்களும் குணங்களும் பாடமாகவே வரும். தொடர்பாடல் மாணவர் பெறுபேற்றை ஊருக்குப் புரியும் மொழியில் எடுத்துச் செல்வார். இனங்காண்பதில் ஐயம் ஏற்பட்டால் வந்தாறுமூலையில் உள்ள தாவரவியல், விலங்கியல் துறைகளின் உதவியை நாடலாம். விரிவுரையாளர் ஒருவர் குறைந்தது ஐந்தாண்டுகளுக்குப் பொறுப்பேற்பதாக முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஒப்புதல் கிடைக்காவிட்டால் வேலையைத் தொடங்காமல் இருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

இடமும் அனுமதியும்

திருகோணமலை மாவட்டத்தில் தெரிவுசெய்வதற்கு இடங்கள் ஏராளம். மகாவலி வந்து கலக்கும் கொட்டியாரக் குடா, கிண்ணியாவை ஒட்டிய தம்பலகாமக் குடா, நிலாவெளிப் பக்கத்துக் களப்புகள் என ஒவ்வொன்றும் வேறுபட்ட நீரோட்டத்தைக் கொண்டவை. ஆனால் முதல் இடம் வளாகத்திலிருந்து பேருந்திலோ துவிச்சக்கர வண்டியிலோ அரை மணி நேரத்துள் சென்றடையக்கூடியதாக இருக்கட்டும். ஆண்டில் இருபது தடவை போகவேண்டிய இடத்துக்கு வாகனம் கேட்டுக் கடிதம் எழுதவேண்டியிருந்தால் மூன்றாம் தடவையோடு போக்கு நின்றுவிடும்.

தெரிவுசெய்யும்போது இரு துண்டு நிலங்களைச் சேர்த்துத் தெரிவுசெய்ய வேண்டும். ஒன்று கண்டல் அழிந்துபோன, மீட்க விரும்பும் துண்டு. மற்றையது அதற்கு அண்மையில் இயற்கையாகச் செழித்து நிற்கும் கண்டல் துண்டு. இரண்டாவது துண்டே நமக்கு அளவுகோல். எந்த மட்டத்தில், எந்த உவரில், எந்த இனம் நிற்க விரும்புகிறது என்பதை நூல்களைவிடத் தெளிவாக அது சொல்லும். முடியுமானால் அழிந்த நிலத்திலும் ஒரு பகுதியை எதுவும் செய்யாமல் ஒப்பீட்டுக்காக விட்டுவையுங்கள். அது இல்லாவிட்டால் பின்னால் நிகழும் முன்னேற்றம் நம் வேலையால் வந்ததா, நல்ல மாரியால் வந்ததா என்று எவராலும் சொல்ல முடியாது.

அனுமதிக்கான கடிதங்களை ஒரு செமஸ்டருக்கு முன்பே அனுப்ப வேண்டும். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கரையோர வலயம் சராசரி உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை விரிகின்றது. அதனுள் கரையோரப் பாதுகாப்பு மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்துக்கு அதிகாரம் உண்டு. கண்டல் காடு பெரும்பாலும் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கும். 2003இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட புறாத்தீவு போன்ற இடங்களில் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். பிரதேச செயலாளருக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் பிரதி அனுப்புங்கள். துறைமுகக் கரையின் சில பகுதிகள் கடற்படையின் கட்டுப்பாட்டில் உள்ளன. ட்ரோன் பறக்கவிட வேண்டுமானால் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அனுமதியும் தேவை. போர்க்காலத்தில் ஆள்நடமாட்டம் அற்றுப்போன கரைகளில் கண்ணிவெடி அகற்றப்பட்டதைக் கிராம உத்தியோகத்தரிடம் உறுதிசெய்யாமல் காலடி வைக்கக் கூடாது.

அனுமதி கிடைத்ததும் போய்ச் சந்திக்கவேண்டியவர் அங்கே வலை வீசுபவர். வினாக்கொத்தை நீட்டாமல், தோணி இழுக்கும் இடத்தில் உட்கார்ந்து கேளுங்கள். முகத்துவாரம் எந்த மாதத்தில் அடைபடும், யார் வெட்டித் திறப்பார், முன்பு எந்த ஓரத்தில் இறால் படும், வீதி போட்டபின் தண்ணீர் எந்தப் பக்கமாக வருவதில்லை என்பவை கருவி எதுவும் காட்டாத செய்திகள். நான் ஒருமுறை ஒரு சேற்றுத்திடலைக் காட்டி, "ஐயா, இதிலே கண்டல் வைத்தால் பிடிக்குமா?" என்று கேட்டேன். "தம்பி, மாரிக்கு இதில இடுப்பளவு தண்ணி நிக்கும். அந்த மதகு அடைபட்டதில இருந்து தண்ணி வடியிறேல்ல. முதல்ல மதகைப் பாருங்கோ" என்றார். பின்னர் நாங்கள் அளந்து கண்டுபிடித்ததும் அதைத்தான். கிண்ணியா, மூதூர்ப் பக்கங்களில் இந்த உரையாடலுக்கு ஊர்க்காரரான மாணவர் ஒருவரை முன்னால் விடுங்கள். சிங்களம் பேசும் கடற்றொழிலாளர் உள்ள இடத்தில் அந்த மொழி தெரிந்தவர் கூடவே செல்ல வேண்டும்.

மட்டமும் நீரும்

கண்டல் வேலையின் உயிர்நிலை இதுவே. ஆகையால் இதற்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் ஒதுக்குங்கள். கண்டல் கடலுக்குள் வளரும் மரம் என்ற எண்ணம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. உண்மையில் அது சராசரிக் கடல் மட்டத்துக்கு மேலே, உயர்பெருக்கு எட்டும் எல்லை வரையுள்ள ஒடுங்கிய பட்டியில்தான் நிற்கிறது. இலங்கைக் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆகவே நம் கரையில் அந்தப் பட்டியின் உயரம் சில பத்துச் சென்ரிமீற்றர்தான். ஒரு சாண் கீழே நட்டால் கன்று மூழ்கிச் சாகும். ஒரு சாண் மேலே நட்டால் உப்பேறிக் காயும். கண்ணால் பார்த்து இந்த வேறுபாட்டை அறிய முடியாது. கைத்தொலைபேசியின் ஜி.பி.எஸ். காட்டும் உயரத்தில் பல மீற்றர் பிழை வரும் என்பதால் அதுவும் இங்கே உதவாது.

விலையுயர்ந்த கருவி இல்லாவிட்டால் மேசன்மார் வீடு கட்டும்போது மட்டம் பார்க்கும் ஒளிபுகு பிளாஸ்ரிக் குழாயை வாங்குங்கள். பதினைந்து மீற்றர் நீளம் போதும். அதில் நீர் நிரப்பி, குழாயை நீளவாக்கில் விரித்து, குமிழி ஒன்றும் இல்லாதபடி விரலால் தட்டித் தட்டி வெளியேற்ற வேண்டும். ஒரு குமிழி உள்ளே நின்றுவிட்டால் வாசிப்பு முழுவதும் பிழைத்துவிடும். தொடங்கும் முன் இரு நுனிகளையும் அருகருகே பிடித்து, நீர்மட்டம் ஒன்றாக நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு சென்ரிமீற்றர் குறித்த இரு கம்புகளில் நுனிகளைக் கட்டி, ஒருவர் தொடக்கப் புள்ளியிலும் மற்றவர் அளக்கும் புள்ளியிலும் நிறுத்த வேண்டும். கம்பு சேற்றில் புதைந்தால் கணக்குப் பிழைக்கும் என்பதால் அதன் அடியில் ஒரு தட்டையான பலகைத் துண்டை வையுங்கள். தொடக்கப் புள்ளியில் நீர் 92 சென்ரிமீற்றரிலும் மற்றப் புள்ளியில் 118 சென்ரிமீற்றரிலும் நின்றால், இரண்டாவது இடம் 26 சென்ரிமீற்றர் தாழ்வானது. இப்படிக் கரையிலிருந்து நீரோரம் வரை ஐந்து மீற்றருக்கு ஒரு புள்ளி வீதம் அளந்து, திரும்பி வரும்போதும் அதே புள்ளிகளை அளக்க வேண்டும். போக்கிலும் வரவிலும் எடுத்த அளவுகளுக்கிடையே இரண்டு சென்ரிமீற்றருக்கு மேல் வேறுபாடு இருந்தால் அந்தக் கோட்டை மறுபடி அளக்கவும்.

இனி நீர். அளவுகள் குறித்த ஒரு கம்பத்தை அசையாதபடி ஆழ ஊன்றி, அதன் சுழிய அடையாளத்தையும் குழாய்மட்டத்தால் நிலத்தின் மட்டங்களோடு இணையுங்கள். திருகோணமலையில் நாளொன்றுக்கு இரு தடவை பெருக்கு வரும். அடுத்தடுத்த பெருக்குகளுக்கு இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் செல்லும். ஆகவே 25 மணி நேரம் தொடர்ந்து அரை மணிக்கொரு தடவை நீர்மட்டத்தை வாசித்தால் முழுச் சுற்றும் கிடைக்கும். இதைப் பூரணை அல்லது அமாவாசையை அடுத்த நாட்களில் ஒரு தடவையும், நீரின் ஏற்றமும் இறக்கமும் குறைந்திருக்கும் அட்டமியை அடுத்த நாட்களில் ஒரு தடவையும் செய்ய வேண்டும். அட்டமி, நவமியில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது என்று வீட்டில் சொன்னாலும், இந்த வேலைக்கு அந்த நாட்களும் கட்டாயம் வேண்டும்.

கிடைத்த 50 வாசிப்புகளில் ஒரு புள்ளி எத்தனை வாசிப்புகளின்போது நீருக்குள் இருந்தது என்று எண்ணுங்கள். 15 என்றால் அந்தப் புள்ளி 30 சதவீத நேரம் மூழ்கியிருக்கிறது. புளோரிடாவில் பல பத்தாண்டுகள் கண்டல் மீட்பில் உழைத்த ரொபின் லூயிஸ், கண்டல்கள் ஏறத்தாழ 30 சதவீத நேரத்துக்கோ அதற்குக் குறைவாகவோ மூழ்கும் மட்டங்களிலேயே நிலைக்கின்றன என்று காட்டினார். அந்த எண்ணை அப்படியே ஏற்காமல் நமது இயற்கைக் கண்டல் துண்டிலும் இதே கணக்கைச் செய்து ஒப்பிட வேண்டும். கச்சானுக்கும் மாரிக்கும் களப்பு நீர்மட்டம் மாறுவதால் இரு பருவத்திலும் செய்ய வேண்டும். கணினி விஞ்ஞான மாணவர் ஒரு பி.வி.சி. குழாயின் தலையில் மீயொலி உணர்கருவியைப் பொருத்தி நீர்மட்டத்தைத் தானாகப் பதியச்செய்தால் இரவுக் காவல் குறையும். ஆனால் முதல் 25 மணி நேரத்தை மாணவர் கண்ணாலேயே பார்க்கட்டும். விடியற்காலை மூன்று மணிக்குக் கைவிளக்கொளியில் நீர் மெல்ல மெல்லச் சேற்றைத் தொட்டு, நண்டு வளைகளுக்குள் இறங்குவதைப் பார்த்தவருக்குப் பெருக்கு என்றால் என்னவென்று பிறகு எவரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

உவரும் சேறும்

உவரை அளக்கக் கைக்கருவியான ரிஃப்ரக்டோமீற்றர் போதும். ஒவ்வொரு நாளும் காய்ச்சி வடித்த நீர் ஒரு துளி விட்டு, அது சுழியம் காட்டுகிறதா என்று பார்த்த பின்பே தொடங்குங்கள். கடல்நீர் ஆயிரத்துக்கு 35 அளவில் இருக்கும். முகத்துவாரம் அடைபட்ட களப்பு கோடையில் அதனைத் தாண்டிச் செல்லக்கூடும். நிலாவெளியில் உப்பு விளைவதே அந்த வெயிலுக்கும் காற்றுக்கும் சான்று. மேலே நிற்கும் நீரைவிட வேர் உறிஞ்சும் நீரே முக்கியமானது. ஒரு மெல்லிய குழாயின் அடிப்பகுதியில் ஊசித் துளைகள் இட்டு, 15 முதல் 20 சென்ரிமீற்றர் ஆழத்தில் செருகி, சிரிஞ்சினால் சேற்றுநீரை இழுத்து அளக்க வேண்டும். சேற்றின் காபனை அறிய வேண்டுமானால் மாதிரியை 60 பாகை செல்சியஸில் நிறை மாறாதவரை உலர்த்தி, பிறகு உலையில் 450 முதல் 550 பாகை வரையிலான வெப்பநிலையில் சில மணி நேரம் எரித்து, இழந்த நிறையைக் கணக்கிடலாம்.

மரங்களுக்கு நிரந்தர எல்லைக்கம்பு இட்ட 10 மீற்றர் சதுரமும், நாற்றுகளுக்கு அதனுள் ஒரு மீற்றர் சதுரங்களும் போதுமானவை. மரத்தின் பருமனை 1.3 மீற்றர் உயரத்தில் அளப்பது வழக்கம். தாங்கு வேர்கள் அதற்கும் மேலே எழும்பும், கண்டல் என்றே பெயர்பெற்ற மர வகையில் மிக உயர்ந்த வேருக்கு 30 சென்ரிமீற்றர் மேலே அளக்க வேண்டும். கண்ணா, கண்டல், தில்லை என்ற பெயர்களைப் பதிவேட்டில் விஞ்ஞானப் பெயரோடு சேர்த்தே எழுதுங்கள். தில்லையை அளக்கும்போது கண்ணாடி அணிவது கட்டாயம். கிளை முறிந்தால் வடியும் அதன் வெண்பால் கண்ணில் பட்டால் பார்வையைத் தற்காலிகமாகப் பறிக்கவும் வல்லது. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த அதே மரம் நம் களப்போரத்திலும் நிற்கிறது என்பதைச் சொன்னால் முதலாம் ஆண்டு மாணவர் அதை மறக்கமாட்டார்.

நடுவதா, விடுவதா

அளவீடுகள் ஓர் ஆண்டு முழுவதையும் காட்டிய பின்பே இந்தக் கேள்வியை எழுப்ப வேண்டும். பல இடங்களில் விடை நடுகையாக இராது. வீதியின் அடியிலிருந்த மதகு தூர்ந்திருக்கும். அல்லது ஓர் அணைக்கட்டு நீரைத் தடுத்திருக்கும். மதகைத் துப்புரவாக்கும்படி உள்ளூராட்சி மன்றத்துக்கு அளவீடுகளோடு எழுதுங்கள். நீர் வந்துபோகத் தொடங்கினால், அருகில் தாய்மரங்கள் இருக்குமிடத்தில் விதைகளும் நாற்றுகளும் தாமாகவே மிதந்து வந்து சேறுபற்றும். வராவிட்டால், அல்லது தாய்மரம் தொலைவில் இருந்தால் மட்டும் நடலாம்.

நடும்போது இயற்கைத் துண்டில் அதே மட்டத்தில் நிற்கும் இனத்தையே நட வேண்டும். சேகரிக்கவும் நடவும் எளிது என்பதற்காக எல்லா இடத்திலும் நீண்ட குச்சி போன்ற கண்டல் நாற்றையே குத்துவது நாம் திரும்பத் திரும்பச் செய்யும் பிழை. அந்த நாற்றுத் தாய்மரத்திலேயே முளைத்துத் தொங்கும். மேல்முனையில் கழுத்துப்பட்டி போன்ற வளையம் நிறம் மாறி, இலேசாகத் திருகினாலே கையோடு வந்தால் அது முற்றியது. துளை விழுந்ததையும் இழுத்துப் பிடுங்கவேண்டியதையும் விட்டுவிடுங்கள். நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு சேற்றுள் போகும்படி ஊன்றினால் போதும். மழை தொடங்கிச் சேற்றின் உவர் இறங்கிய பிறகு, ஆனால் வெள்ளம் பாயாத ஒதுக்கான இடத்தில் நடுவதே நம் பருவத்துக்குப் பொருந்தும். நட்ட முதல் மாதங்களில் வாரம் ஒருமுறை சென்று, கன்றுகளில் சிக்கிய நைலோன் வலைத் துண்டுகளையும் பொலித்தீனையும் எடுத்துவிடுங்கள். கன்றின் தண்டில் கொட்டலசு எனப்படும் சுண்ணாம்பு ஓட்டு உயிரிகள் அடர்ந்து ஒட்டியிருந்தால், அந்த மட்டம் மிகவும் தாழ்வு என்று எழுதிக்கொள்ளுங்கள்.

பதிவேடும் கையளிப்பும்

களப் பதிவேடு தடித்த அட்டையுள்ள ஒரே புத்தகமாக இருக்க வேண்டும். பென்சிலால் எழுத வேண்டும், ஏனெனில் பேனா மை நனைந்தால் கரையும். திகதி, நேரம், அளந்தவர், கருவியின் இலக்கம், வானிலை என்பவற்றின் பின்பே அளவு வரட்டும். பிழையான எண்ணை அழிக்காமல் ஒரு கோடிட்டு வெட்டி, பக்கத்தில் சரியானதை எழுதுங்கள். அன்று மாலையே கணினியில் ஏற்றி, பக்கங்களைப் படமெடுத்து, துறையின் கணக்கில் வையுங்கள். தனிப்பட்ட மாணவரின் கைத்தொலைபேசியிலும் வாட்ஸ்அப் குழுவிலும் மட்டும் இருந்த தரவு அவர் பட்டம் பெற்றுப் போகும்போது அவரோடு போய்விடும். எத்தனை கன்று நட்டோம் என்பதைப் போலவே, மூன்றாம் ஆண்டில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்பதற்கும் அட்டவணையில் ஒரு நிரல் இருக்கட்டும். அது சுழியமாக இருந்தாலும் நிரப்பி, கடற்றொழிலாளர் சங்கத்தின் கூட்டத்தில் தமிழிலும் தேவைப்பட்டால் சிங்களத்திலும் சொல்லுங்கள். அவர்களுடைய கரை அது.

இறுதியாண்டு மாணவர் விடைபெறும் முன், அடுத்த அணியைச் சேர்ந்தவரை ஒரு பூரணையின் பெருக்கு நேரத்தில் கரைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். இருவரும் ஒருவர் எண்ணை மற்றவர் பாராமல் அதே கம்பத்தின் நீர்மட்டத்தையும், அதே இடத்துச் சேற்றுநீரின் உவரையும், அதே மரத்தின் பருமனையும் வாசித்து எழுத வேண்டும். பிறகு இரு தாள்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நீர்மட்டத்திலும் பருமனிலும் வேறுபாடு ஒரு சென்ரிமீற்றருக்குள் வரும்வரை திரும்பத் திரும்ப அளந்து, உவரும் ஒத்துவந்ததும் இருவரும் பதிவேட்டின் அதே பக்கத்தில் ஒப்பமிட்டு, பென்சிலையும் குழாய்மட்டத்தையும் கைமாற்றிக்கொள்ளலாம்.